பழைய பொட்டிக்கு அதுக்குள்ள ஏன் பாடை கட்டுறீங்க?

மக்களே, கேம் ஆடுறவங்க மத்தியில ஒரு வியாதி வேகமா பரவிக்கிட்டு இருக்கு. பொட்டி கொஞ்சம் திணறினா போதும், "ப்ராசசர் பழசாயிடுச்சு"ன்னு ஒரே போடு. அப்புறம் புது ப்ராசசர், அதுக்குத் தோதா புது மதர்போர்டு, அந்த போர்டுக்குத் தோதா புது ரேம்னு கல்யாணச் செலவு மாதிரி இழுத்துக்கிட்டே போகும். இதுல பாதிப் பேருக்கு அந்தச் செலவு தேவையே இல்லைங்கறது என் கட்சி.

முதல்ல கேம்ல ப்ராசசருக்கு என்ன வேலைன்னு பாத்துடுவோம். பரோட்டா கடையை நினைச்சுக்குங்க. ஒருத்தர் மாவை வீசி மடிச்சுக் குடுக்குறார். இன்னொருத்தர் கல்லுல போட்டு எடுக்குறார். எதிரி எங்க நிக்குறான், குண்டு எங்க பட்டுச்சு, திரையில எதையெல்லாம் வரையணும்னு கணக்குப் போட்டு மடிச்சுக் குடுக்குறது ப்ராசசர். அதை வாங்கி வரைஞ்சு தள்ளுறது கிராபிக்ஸ் கார்டு. ரெண்டு பேர்ல யாரு மெதுவோ, அவரோட வேகம்தான் கடையோட வேகம். கல்லு சின்னதா இருக்கும்போது மாவு வீசுறதுக்கு ஊர்லயே பெரிய மாஸ்டரைக் கூட்டிட்டு வந்தா என்ன ஆகும்? மாவு குவிஞ்சு கிடக்கும். சாப்பிட வந்தவன் அதே நேரம்தான் காத்துக்கிட்டு இருப்பான்.

இப்ப விமர்சனங்கள்ல வர்ற அந்தக் கலர் கலரான பட்டைகளுக்கு வருவோம். புது ப்ராசசர் 200 ஃப்ரேம், பழசு 140 ஃப்ரேம்னு போட்டிருப்பாங்க. அது பொய் இல்லை. ஆனா அந்தச் சோதனையை எப்படிப் பண்றாங்க? சந்தையிலயே விலை அதிகமான கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, திரையை 1080பி-ல வச்சுப் பண்றாங்க. கார்டு எந்த இடத்துலயும் தடையா இருக்கக் கூடாது, ப்ராசசர்களுக்கு நடுவுல உள்ள வித்தியாசம் மட்டும் தெரியணும்ங்கறதுக்காக. சோதனை பண்றவங்களுக்கு அதுதான் சரியான முறை. நம்ம வீட்டுல இருக்குறது நடுத்தர கார்டு. அதே ரெண்டு ப்ராசசரையும் நம்ம கார்டோட போட்டா, பெரும்பாலான கேம்கள்ல ரெண்டு பட்டையும் ஒரே உயரத்துல வந்து நிக்கும். இதை யாரும் படம் போட்டுக் காட்டுறதில்ல. காட்டினா யாரு பாப்பா?

எங்க அக்கா பையன் போன மாசம் இப்படித்தான் வந்து நின்னான். அவன்கிட்ட ரைசன் 5 2600, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. பகுதி நேர வேலை பாத்துச் சேத்த 70 ஆயிரத்தையும் ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ரேம், புது ப்ராசசர்னு மொத்தமாப் போடப் போறானாம். "மாமா, பழைய ப்ராசசரை வச்சு ஒண்ணும் ஆட முடியலை"ங்கறான். "சரிடா, ஆடிக் காட்டு"ன்னேன். ஆஃப்டர்பர்னர்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதைப் போட்டுக் கார்டோட உழைப்பு எத்தனை சதவீதம்னு திரை ஓரத்துல ஓட விட்டோம். அவன் ஆடுற பெரிய கேம்கள்ல எல்லாம் 97, 98னு நிக்குது. ப்ராசசர் பாவம், மாவை மடிச்சு வச்சுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கு. இதுல ப்ராசசரை மாத்தி என்ன பண்றது?

இந்தச் சோதனையை நீங்களும் பண்ணிப் பாருங்க. வி-சிங்க், ஃப்ரேம் வரம்பு ரெண்டையும் அணைச்சுடுங்க. கேம்ல கிராபிக்ஸ் தரத்தையும் ரெசல்யூஷனையும் நல்லாக் குறைங்க. ஃப்ரேம் ஜிவ்வுன்னு ஏறுச்சுன்னா தடை கார்டுல. குறைச்ச பிறகும் ஏறாம அங்கேயே நின்னுச்சுன்னா ப்ராசசர்தான் குற்றவாளி. "என் ப்ராசசர் 40 சதவீதம்தான் ஓடுது, அதனால அது நிரபராதி"ன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. நிறைய கேம்கள் ஒண்ணு ரெண்டு கோர்களைத்தான் பிழிஞ்சு எடுக்கும். மத்ததெல்லாம் சும்மா உக்காந்திருக்கும். சராசரி பாத்தா 40தான் காட்டும். அதனால பாக்க வேண்டியது கார்டோட எண்ணை.

சரி, குற்றவாளி ப்ராசசர்தான்னே வச்சுக்குவோம். அப்பவும் போர்டைத் தூக்கிக் கடாச வேண்டியதில்லை. ஏஎம்4 சாக்கெட் கதை எனக்குப் பிடிக்கிறதே இதனாலதான். 2017 மார்ச்சுல முதல் ரைசன் வந்துச்சு. அப்ப வாங்கின பி350, எக்ஸ்370 போர்டுகள்ல பெரும்பாலானதுக்கு ஒரு பயாஸ் அப்டேட் போட்டா 2022-ல வந்த 5800எக்ஸ்3டி வரைக்கும் ஏத்துக்கும். இது தானா கிடைச்ச வரம் இல்ல. 2020 மே மாசம் பி450, எக்ஸ்470 போர்டுகளுக்கே அடுத்த தலைமுறை கிடையாதுன்னு ஏஎம்டி கைவிரிச்சுது. வாங்கினவங்க எல்லாரும் சேந்து போட்ட சத்தத்துல கொஞ்ச நாள்லயே இறங்கி வந்தாங்க. 300 வரிசை போர்டுகளுக்கு 2022-லதான் கதவு திறந்துச்சு.

இன்டெல் பக்கம் நிலைமை வேற. 2017 ஜனவரியில ஐ5-7600கே, நாலு கோர், 242 டாலர். அதே வருஷம் அக்டோபர்ல ஐ3-8100, அதுவும் நாலு கோர், 117 டாலர்! ஒன்பது மாசத்துல பாதி விலைக்கும் கீழ. சரி, பழைய போர்டுலயே புதுசைப் போட்டுக்கலாம்னு பாத்தா முடியாது. ரெண்டும் 1151 பின்தான், ஆனாலும் 300 வரிசை புது போர்டு வாங்கியே ஆகணும்னுட்டாங்க. (சில பேரு பயாஸை மாத்தி எழுதிப் பழைய போர்டுலயே ஓட்டிக் காமிச்சது தனிக் கதை.)

அந்த 5800எக்ஸ்3டி பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம விட்டா மனசு ஆறாது. 5800எக்ஸ் 4.7 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். எக்ஸ்3டி 4.5தான். ஆனா கேம்ல எக்ஸ்3டிதான் முந்தும். காரணம் கேஷ் மெமரி. மாவு உருண்டைத் தட்டு மாஸ்டரோட முழங்கைப் பக்கத்துலயே இருந்தா கை நிக்காது. உள்ள சமையல்கட்டு வரைக்கும் போய் எடுத்துட்டு வரணும்னா வேலை கெட்டுச்சு. அந்தத் தட்டுதான் எல்3 கேஷ், சமையல்கட்டுதான் ரேம். சாதா 5800எக்ஸ்ல தட்டு 32 எம்.பி. இதுல மேல ஒரு அடுக்கு ஒட்டி 96 எம்.பி. ஆக்கிட்டாங்க. விமானம் ஓட்டுறது, பட்டாளம் நடத்துறது மாதிரி நூறு விஷயத்தை ஒரே நேரத்துல கணக்குப் போடுற கேம்கள்ல இது நல்லாவே தெரியும்.

புதுசுன்னாலே வேகம்னு நம்புறவங்களுக்கு இன்னொண்ணு. 2024 அக்டோபர்ல இன்டெல் விட்ட கோர் அல்ட்ரா 9 285கே, நிறைய கேம்கள்ல அதுக்கு முந்தின 14900கே-வைவிடப் பின்தங்கிடுச்சு. இன்டெல்லே அதை ஒத்துக்கிட்டுது. மின்சாரம் கம்மியாக் குடிக்குதுங்கறது உண்மை. ஆனா கேமுக்குன்னு காசு குடுத்தவனுக்கு அது ஆறுதல் பரிசுதான் :-)

அதுக்காகப் பழசெல்லாம் தங்கம்னு சொல்ல வரலை. இதுல எதிர்ப்பக்கக் கோஷ்டி ஒண்ணு இருக்கு. "ஐ7-2600கே இருக்கும்போது எவன் புதுசு வாங்குவான்"னு மீசை முறுக்குவாங்க. 2011-ல வந்த அருமையான ப்ராசசர், மறுக்கலை. ஆனா பழைய சாமான் சந்தையில "ஐ7"ங்கற ஸ்டிக்கரை மட்டும் காட்டி அதை விக்கிறாங்களே, அதுலதான் எனக்குக் கோபம். வாங்குறது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையன்களும் விவரம் தெரியாத அப்பாக்களும். ஐ7ன்னா வேகம்னு நினைச்சுக்குறாங்க. 2022-ல வந்த 12400எஃப் வெறும் ஐ5தான், ஆனா ஆறு கோர், அந்தப் பழைய ஐ7-ஐ தூக்கிச் சாப்பிட்டுடும். டிடிஆர்4 ரேம் போடுற போர்டும் அதுக்கு உண்டு.

இதுல விண்டோஸ் வேற. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11 முறைப்படி ஓடணும்னா இன்டெல்ல 8-வது தலைமுறை, ஏஎம்டில ரைசன் 2000 வரிசையாவது வேணும். 7700கே மாதிரி நல்லா ஓடிக்கிட்டு இருக்குற ப்ராசசருக்கும் கதவைச் சாத்திட்டாங்க. வேலரண்ட் மாதிரி கேம்கள் விண்டோஸ் 11-ல டிபிஎம் 2.0 இல்லாமத் திறக்கவே மாட்டேங்குது. இந்த இடத்துலயும் ஏஎம்4 ஆளுங்க தப்பிச்சாங்க. முதல் தலைமுறை 1600 வச்சிருந்தவர் அதே போர்டுல 5600-ஐப் போட்டு, பயாஸ்ல எஃப்டிபிஎம்-ஐ ஆன் பண்ணிட்டா முடிஞ்சுது ஜோலி. 1600 வச்சிருந்தவருக்கு வேகத்துலயும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அக்கா பையன் விஷயத்துல நான் சொன்னது இதுதான்: காசுல பெரும்பகுதி கார்டுக்கு. மிச்சத்துல ஒரு 5600. போர்டும் ரேமும் அப்படியே இருக்கட்டும். 2025 கடைசியில ஏஐ கம்பெனிகளுக்கு மெமரி சில்லு அள்ளிக் குடுத்து ரேம் விலை தாறுமாறா ஏறின பிறகு, கையில இருக்குற டிடிஆர்4-ஐத் தூக்கிப் போடச் சொல்றவன் நண்பனா என்ன? ஒரே ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். பி450 போர்டுல பிசிஐஇ 3.0தான். கார்டு வாங்கும்போது லேன் எத்தனைன்னு பாக்கணும். 2022-ல வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-ல நாலே லேன், 4 ஜி.பி. மெமரி. 3.0 போர்டுகள்ல அது பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

ஒண்ணுமே இல்லாம முதல் பொட்டி வாங்குறவங்களுக்கு என் பதில் வேற. கையில காசு இருந்தா ஏஎம்5 தப்பில்லை. அந்த போர்டுல ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ப்ராசசரை மட்டும் மாத்திக்கலாம். காசு இறுக்கம்னா 5600 இல்ல 12400எஃப். 1080பி-ல நடுத்தர கார்டோட எந்தக் குறையும் இல்லாம ஓடும்.

டிஸ்கி: ஏஎம்4-ல புது ப்ராசசர் போடுறதுக்கு முன்னாடி, பழைய ப்ராசசர் உள்ள இருக்கும்போதே பயாஸ் அப்டேட்டை முடிச்சுடுங்க. கழட்டின பிறகு நினைச்சா போர்டு உயிரே காட்டாது. உங்க போர்டு கம்பெனியோட தளத்துல எந்தெந்த ப்ராசசர் ஓடும்னு பட்டியல் இருக்கும், அதைப் பாத்துட்டுக் காசு குடுங்க. விலை மலிவான ஏ320 போர்டு வச்சிருக்கவங்க 105 வாட் ஆளுங்களைக் கூப்பிடாம 65 வாட் 5600, 5700எக்ஸோட நிறுத்திக்கிறது உத்தமம். அப்புறம் பயாஸ் எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்டு போயிட்டா போர்டு காலி. யுபிஎஸ் இல்லாதவங்க மழை நாள்ல இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க, புண்ணியமாப் போகும்.