அந்தப் பழுப்புப் பஞ்சு

தீபாவளிக்கு முந்தைய வாரம். வீட்டைத் துடைத்து முடித்த வேகத்தில் மீன்தொட்டியையும் நான் விட்டுவைக்கவில்லை. பாதி நீரை மாற்றினேன். புதிய நீரில் மறக்காமல் குளோரின் நீக்கும் மருந்தும் விட்டேன். வடிகட்டியில் இருந்த பஞ்சு பழுப்பேறி வழவழவென்று இருந்தது. குழாயடியில் பிடித்து, வெள்ளையாகும்வரை பிழிந்து அலசினேன். தொட்டி பளிச்சென்று ஆனது.

மூன்றாம் நாள், கப்பி மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாம் நாள், காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீடு திரும்பினால், ஆறில் நான்கு மிதந்தன.

“தண்ணி சுத்தமாத்தானேம்மா இருக்கு?” என்று கேட்டான் மகன். தினமும் மணிக்கணக்கில் வானொலியில் பேசுகிற எனக்குப் பதில் வரவில்லை.

தொட்டி நீரைப் புட்டியில் எடுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனேன். கடைக்காரர் அதில் சில சொட்டு மருந்து விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையானது. அம்மோனியா!

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறுகின்றன. பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும். வேறு சில அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கிக்கொள்ளும். நான் அழுக்கென்று அலசியது அந்தப் பாக்டீரியாக்களைத்தான். மிச்சமிருந்தவற்றைக் குழாய்நீரின் குளோரமின் கவனித்துக்கொண்டது. சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிகளை அழிக்கச் சேர்ப்பது அது. வாளியில் ஓரிரவு பிடித்து வைத்தாலும் குளோரினைப்போல் எளிதில் வெளியேறாது.

கடைக்காரர் புட்டியில் அடைத்த பாக்டீரியா திரவம் தந்தார். ஆனால், ஊற்றியதும் எல்லாம் சரியாகிவிடாது. அவை பஞ்சில் குடியேறிப் பெருக வேண்டும். புதுத் தொட்டி என்றால் 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். அதுவரை தீனியைக் குறைத்தேன். அம்மோனியா ஏறியபோதெல்லாம், மருந்து கலந்த நீரால் கால்பங்கை மாற்றினேன். மூன்று வாரம் கழித்து, சோதனை நீர் மஞ்சளாகவே நின்றது. எஞ்சிய இரண்டு கப்பிகளும் பிழைத்துக்கொண்டன.

இப்போது பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே லேசாகப் பிழிகிறேன். நைட்ரேட்டை உறிஞ்ச, மணி பிளாண்ட் கொடியின் வேரைத் தொட்டிக்குள் விட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுவதும் தொடர்கிறது.

போன வாரம் நான் துடைக்கும் துணியோடு அந்தப் பக்கம் போனதுமே மகன் ஓடிவந்தான்.

“அம்மா, அந்தப் பஞ்சை மட்டும் தொடாதீங்க!”