காண்டாக்ட் லென்ஸ்: முதலில் கழற்றக் கற்றுக் கொள்ளுங்கள்

கண்ணாடி அணிந்து கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தொல்லை எப்போதும் உண்டு. முதுகுக்குப் பின்னால் எரியும் டியூப்லைட் கண்ணாடியில் பட்டு, திரையில் உள்ள எழுத்துகளின் மேல் வெள்ளைக் கோடாக நிற்கும். ஹெட்போன் மாட்டினால் பிரேம் காதுக்கு மேல் அழுந்தி அரை மணி நேரத்தில் வலிக்கும். இதற்கெல்லாம் விடை காண்டாக்ட் லென்ஸ்தானா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். ஆன்டிவைரஸ் பற்றி ஆரம்பிக்கும் பேச்சு, "ஆமாம், உன் கண்ணாடி எங்கே?" என்பதில் வந்து நிற்கிறது.

லென்ஸ் போட்டுக் கொண்டு கம்ப்யூட்டரில் வேலை செய்யலாம். நானும் செய்கிறேன். ஆனால் ஒரு மவுஸ் வாங்குவது போலக் கடைக்குப் போய் லென்ஸ் வாங்கி வந்து விடாதீர்கள். உங்கள் கையாலேயே லென்ஸைப் போட்டு, உங்கள் கையாலேயே கழற்றிக் காட்டும் வரை கடையை விட்டு வெளியே வராதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

நான் ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி அணிபவன். இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.50. அக்காவின் திருமணத்துக்கு நான்கு நாட்கள் இருந்தன. போட்டோவில் கண்ணாடி இல்லாமல் நிற்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். பழைய சீட்டைப் பார்த்து அதே பவரில் லென்ஸ் எடுத்தார்கள். அங்கே வேலை செய்த பையன் கையைக் கழுவிக் கொண்டு வந்து, என் இமைகளை விரித்து, இரண்டு கண்ணிலும் லென்ஸை வைத்து விட்டான். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. எப்படிக் கழற்றுவது என்று கேட்டேன். "லேசா கிள்ளினா வந்துடும் சார்" என்றான். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

அன்று இரவு பத்து மணிக்கு வாஷ்பேசின் முன்னால் நின்றேன். இடது கண் லென்ஸ் நான்காவது முயற்சியில் வந்தது. வலது கண்ணில் வரவே இல்லை. கிள்ளினேன், வழுக்கியது. மறுபடியும் கிள்ளினேன். கண் சிவந்து நீர் கொட்டியது. லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய் விட்டது என்று முடிவு செய்து விட்டேன். பயம் வந்து விட்டால் விரல் நிதானமாக இருக்காது. அம்மா இரண்டு முறை கதவைத் தட்டினார். பன்னிரண்டு மணி வரை இது நடந்தது. மறுநாள் காலை கண்ணைத் திறக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டாலே ஊசியால் குத்துவது போல் இருந்தது.

கண் டாக்டர் ஒரு சொட்டு மஞ்சள் சாயம் விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். "லென்ஸ் உங்க கண்ல இல்ல தம்பி. அது எப்பவோ கீழே விழுந்திருக்கு. நீங்க வெறும் கருவிழியைக் கிள்ளிக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். கருவிழியின் மேல்தோலில் கீறல். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரத்துக்கு லென்ஸைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அக்காவின் கல்யாண ஆல்பத்தில் பழைய கண்ணாடியும் சிவந்த கண்ணுமாக நிற்கிறேன். அந்த லென்ஸை அம்மாதான் கண்டுபிடித்தார். வாஷ்பேசின் விளிம்பில் காய்ந்து, வளையல் துண்டு போல ஒட்டிக் கொண்டிருந்தது.

அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் விற்கும் முறை தவறு. ஒரு சாப்ட்வேரை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும்போது நாங்களே இயக்கிக் காட்டி விட்டு எழுந்து வந்து விட முடியாது. அவர் கையால் இயக்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வாங்குவோம். பில்லிங் சாப்ட்வேருக்கே இவ்வளவு என்றால், கண்ணுக்குள் வைக்கும் பொருளுக்கு வேண்டாமா?

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போகுமா?

போகாது. கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வுதான் மடங்கி, இமையின் உட்பக்கமாகவும் வருகிறது. அந்த மடிப்போடு பாதை முடிந்து விடுகிறது. லென்ஸ் மேல் இமைக்கு அடியில் போய் ஒளிந்து கொள்ளலாம், அதைத் தாண்டிப் போக வழியில்லை. இது எனக்கு அன்றிரவு தெரிந்திருந்தால் பாதிப் பயம் இருந்திருக்காது.

கழற்றுவதற்கு முன்னால் லென்ஸ் கண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணை மூடிக் கொண்டு, எதிர்ச் சுவரில் உள்ள காலண்டரை மற்றக் கண்ணால் பாருங்கள். தேதி தெளிவாகத் தெரிந்தால் லென்ஸ் இருக்கிறது. கண்ணாடி இல்லாதபோது தெரிவது போல மங்கலாக இருந்தால், அது விழுந்திருக்கலாம் அல்லது நகர்ந்திருக்கலாம். கிள்ள ஆரம்பிக்காதீர்கள்.

இருக்கிறது என்று தெரிந்த பின், பார்வையை மேலே வைத்துக் கொண்டு, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடியுங்கள். ஆள்காட்டி விரல் நுனியால் லென்ஸைக் கருவிழியிலிருந்து கீழே உள்ள வெள்ளைப் பகுதிக்கு நகர்த்துங்கள். அங்கே வைத்து, இரண்டு விரல்களின் சதைப் பகுதியால் மெதுவாகச் சேர்த்து எடுங்கள். நகம் படக் கூடாது. வெள்ளைப் பகுதிக்குக் கருவிழி அளவுக்குக் கூச்சம் கிடையாது. கடைப் பையன் சொல்லாமல் விட்டது இந்த ஒரு விஷயத்தைத்தான். நாள் முழுவதும் திரையைப் பார்த்து லென்ஸ் காய்ந்திருந்தால் எளிதில் நகராது. லென்ஸுக்கு உரிய ஈரச் சொட்டு மருந்தை இரண்டு சொட்டு விட்டு, சில நிமிடங்கள் கண் சிமிட்டி விட்டுப் பிறகு முயற்சி செய்யுங்கள்.

போடுவது இதைவிட எளிது. விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் லென்ஸ் சரியான கிண்ணம் போல இருக்க வேண்டும். விளிம்பு சாப்பாட்டுத் தட்டு போல வெளிப்பக்கம் விரிந்திருந்தால் உள்வெளியாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். எப்போதும் வலது கண்ணிலிருந்தே ஆரம்பியுங்கள், இரண்டும் மாறிப் போகாது. முதல் சில நிமிடங்கள் கண்ணில் இமை முடி விழுந்தது போல ஓர் உறுத்தல் இருக்கும், தானே அடங்கும். அடங்காமல் எரிந்தால் கழற்றி, சொல்யூஷனில் அலசிப் போடுங்கள். முதல் நாள் நான்கு மணி நேரம் போதும். அடுத்தடுத்த நாட்களில் ஒன்றிரண்டு மணி நேரமாகக் கூட்டிக் கொண்டு போகலாம்.

மைனஸ் பவர்க்காரர்களுக்கு முதல் நாள் ஒரு வேடிக்கை நடக்கும். கண்ணாடி எல்லாவற்றையும் கொஞ்சம் சிறிதாக்கிக் காட்டிக் கொண்டிருந்தது. லென்ஸ் போட்டதும் டெஸ்க்டாப் ஐகான்கள் எல்லாம் பெரிதாகி விட்டது போலத் தெரியும். யாரோ ஸ்கேலிங்கை மாற்றி விட்டார்கள் என்று நான் செட்டிங்ஸ் போய்ப் பார்த்தேன்! இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிட்டத்தில் உள்ளதைப் படிக்க, மைனஸ் பவர்க்காரர்களின் கண் கண்ணாடியில் உழைப்பதைவிட லென்ஸில் சற்று அதிகம் உழைக்க வேண்டும். நாற்பதை நெருங்குபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். லென்ஸ் போட்டபின் மொபைலைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறேன் என்று சொன்னால் லென்ஸில் குறை என்று நினைக்க வேண்டாம்.

திரையும் இமையும்

கம்ப்யூட்டர்காரர்களுக்கு உண்மையான சிக்கல் கண் சிமிட்டுவதில்தான் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993-ல் அலுவலக ஊழியர்களைக் கவனித்து எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை சிமிட்டியவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 முறையும், கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது 7 முறையும்தான் சிமிட்டினார்கள். கருவிழியில் ரத்தக் குழாய்கள் இல்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து, கண்ணீர்ப் படலத்தின் வழியாக வருகிறது. லென்ஸ் மிதப்பதும் அந்தப் படலத்தின் மேல்தான். சிமிட்டா விட்டால் படலம் காய்கிறது, லென்ஸும் காய்கிறது.

நான் இதைப் புரிந்து கொள்ள ஒரு மாதம் ஆனது. மாலை நான்கு மணிக்கு மேல் எழுத்துகள் மங்கும். மானிட்டரில்தான் கோளாறு என்று நினைத்தேன். பிரைட்னஸை மாற்றினேன், கிளியர்டைப்பைச் சரி செய்தேன், டார்க் மோடுக்கு மாறினேன், கேபிளைக் கூடக் கழற்றி மாட்டினேன். ஒரு நாள் தற்செயலாக நன்றாகக் கண்ணை மூடித் திறந்தபோது எழுத்து பளிச்சென்று ஆகி, சில விநாடிகளில் மறுபடி மங்கியது. மானிட்டரில் ஒரு குறையும் இல்லை!

ஏசி காற்று நேராக முகத்தில் வீசும் இடத்திலிருந்து நாற்காலியை மாற்றினேன். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே வரும்படி இறக்கி வைத்தேன். பார்வை கீழ்நோக்கி இருந்தால் இமை சற்றுத் தாழும், காற்றுபடும் பரப்பு குறையும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 விநாடி பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். நான் மொபைலில் அலாரம் வைத்துப் பார்த்தேன், இரண்டாம் நாளே அணைத்து விட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு முறை பைலை சேவ் செய்யும்போதும் இரண்டு முறை முழுதாகக் கண்ணை மூடித் திறக்கிறேன். இது பழகி விட்டது. முக்கியமாக, வேலை அதிகம் உள்ள நாளில் லென்ஸ் போடுவதே இல்லை. கண்ணாடியை விற்று விட்டு லென்ஸுக்கு மாறுவது என்பது கம்ப்யூட்டர்காரர்களுக்குச் சரிப்படாது என்பது என் கருத்து. கண்ணாடி பையில் எப்போதும் இருக்க வேண்டும்.

தண்ணீர் வேண்டாம்

மென்மையான லென்ஸைச் செய்து காட்டியவர் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், சிறுவர்கள் பூட்டிக் கழற்றி விளையாடும் உலோகப் பொம்மை செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்துத் தன் வீட்டிலேயே அதற்கான இயந்திரத்தைச் செய்தார். நீரை உறிஞ்சி மென்மையாகும் பிளாஸ்டிக் அது. அதன் நல்ல குணமும் ஆபத்தும் அந்த உறிஞ்சுவதில்தான் இருக்கிறது. நீரை உறிஞ்சும் பொருள் நீரில் உள்ளதையும் ஏற்கும். குழாய்த் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் லென்ஸைக் கழுவக் கூடாது. தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியில் தொற்றினால் சிகிச்சை மாதக் கணக்கில் நீளும், பார்வையே போகவும் கூடும். லென்ஸோடு குளிக்காதீர்கள், நீந்தாதீர்கள், தூங்காதீர்கள். டப்பாவில் நேற்றைய சொல்யூஷன் மீதி இருந்தால் அதன் மேல் புதிதாக ஊற்றாமல், கொட்டி விட்டு முழுதாக மாற்றுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸைக் கழற்றி விட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். மருந்துக் கடையில் ஏதாவது ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்க்காதீர்கள்.

பச்சை மிளகாய் நறுக்கிய கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்து விட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய கையோடுதான் லென்ஸைக் கழற்றினேன். காரம் போகவில்லை. அந்த எரிச்சலை எழுதிக் காட்ட முடியாது. அன்றிலிருந்து சமையல் நாளில் கண்ணாடிதான். தலைக்கு எண்ணெய் தேய்த்த கைக்கும் இதே விதி.

கடையில் இன்னொன்றையும் பாருங்கள். கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரை அப்படியே லென்ஸுக்கு எடுத்துக் கொள்ளக் கூடாது. கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே உட்காருகிறது. அதனால் மைனஸ் 4-க்கு மேல் போனால் கணக்கு மாறும். என் 4.50-க்கு லென்ஸில் 4.25-தான் சரி. அந்தக் கடையில் 4.50 கொடுத்திருந்தார்கள். பெட்டியில் பவரோடு பேஸ் கர்வ், டயாமீட்டர் என்று இரண்டு எண்கள், உதாரணமாக 8.6, 14.2 என்று, இருக்கும். லென்ஸின் வளைவும் அகலமும் மில்லிமீட்டரில். உங்கள் கண்ணை அளந்து, லென்ஸ் அதில் எப்படி உட்காருகிறது என்று பார்த்துத்தான் இவற்றை முடிவு செய்ய வேண்டும். கம்பெனியை மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும். கண் நிறத்தை மாற்றும் பவர் இல்லாத கலர் லென்ஸுக்கும் இவ்வளவும் பொருந்தும்.

போன மாதம் சித்தப்பா மகள் லென்ஸ் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். அளவெல்லாம் எடுத்து, போட்டுப் பார்த்து, பில் போட உட்கார்ந்தார்கள். "மூணு தடவை அவளே போட்டுக் கழற்றட்டும், அப்புறம் பில் போடுங்க" என்றேன். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. முதல் தடவை கழற்றுவதற்கு மட்டும் இருபது நிமிடம் ஆனது. "அண்ணா, எல்லாரும் பார்க்கறாங்க, போதும்" என்றாள். வெளியே ஷட்டரைப் பாதி இறக்கி விட்டார்கள். மூன்றாவது தடவை ஒரு நிமிடத்தில் எடுத்து விட்டாள். பிறகு பணம் கொடுத்தோம்.