யாருக்காக நடந்தது அந்தப் போர்?

2003 மார்ச் 20ஆம் திகதி ஈராக் மீது படையெடுத்தபோது அமெரிக்கா சொன்ன காரணம், சதாம் ஹுசைனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பது. அப்படி ஆயுதக் குவியல்கள் எவையும் இருக்கவில்லை என்று 2004இல் அமெரிக்கா அனுப்பிய குழுவே அறிக்கை கொடுத்துவிட்டது. பிறகு எதற்காக அத்தனை உயிர்கள்?

இதைக் கேட்க இரத்தினபுரித் தோட்டத்துத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு. சப்ரகமுவவில் பறிக்கப்படும் கொழுந்தின் பெரும்பகுதி தாழ்நிலத் தேயிலையாகிறது. கறுத்துச் சுருண்ட அந்தத் தூளை விரும்பி வாங்குவோர் ஈராக்கியரும் ஈரானியரும் துருக்கியரும். அங்கே துறைமுகம் முடங்கினால் கொழும்பு ஏலத்தில் விலை கேட்க ஆள் குறையும். 1990 ஆகஸ்டில் ஐ.நா. ஈராக் மீது பொருளாதாரத் தடை விதித்த நாளிலிருந்தே இது நாம் அறிந்த அச்சம்.

போர் இலாபம் தந்த காலமும் உண்டு. 1950இல் கொரியாவில் போர் மூண்டதும் இறப்பர் விலை எகிறியது. கேகாலைத் துரைமாரின் முகம் மலர்ந்தது. விலை சரிந்ததும் அரசாங்கம் 1952இல் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்து சமாளித்தது. (அரிசி வந்தது, உண்மைதான்.) ஆனால் பால் வெட்டிய இந்திய வம்சாவளித் தமிழரில் பெரும்பாலோர் 1948இல் குடியுரிமையையும் 1949இல் வாக்குரிமையையும் பறிகொடுத்திருந்தார்கள். அந்த இலாபத்தில் தங்கள் பங்கு எங்கே என்று 1952 தேர்தலில் வாக்குச்சீட்டால் கேட்கக்கூட அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

இன்றும் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கம்பனிகள் உலகச் சந்தை விலையைக் காட்டுகின்றன. விலை ஏறிய ஆண்டுகளின் கணக்கை மட்டும் யாரும் மேசைக்குக் கொண்டுவருவதில்லை.