தனி டம்ளர்



தீபாவளிச் சாமான் வாங்கப் பினாங்குக்கு வந்து போகிறவர்களுக்குக் கடைத்தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்று 'லிட்டில் இந்தியா' என்று பெயர் பெற்றிருக்கும் இடத்தின் நடுவே ஓடும் மார்க்கெட் ஸ்திரீட்டைத்தான் நாம் அந்தக் காலம் முதல் கடைத்தெரு என்கிறோம். குயின் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டு, துணிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தால்தான் வந்த காரியம் முடிந்ததாக அர்த்தம். 1987-ஆம் ஆண்டு அப்படி ஒரு காப்பிக் கடையில், எனக்கு முன்னால் வைத்த டம்ளரைத் தொடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று இத்தனை நாளும் இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

முதலில் என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. தென் கெடாவில் நாங்கள் இருந்த தோட்டத்திலேயே பால் வெட்டினார். அவர் தோளில் வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. தேமல்தானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாள் அடுப்பிலிருந்த சட்டியை வெறும் கையால் இறக்கி வைத்தார். உள்ளங்கை வெந்து கொப்புளம் கிளம்பியது. அவருக்கோ ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் புரிந்துகொண்டார்கள். புரிந்ததும் மறைத்தார்கள். லயத்தில் தெரிந்தால் என்னாவது என்று கைவைத்தியத்திலேயே இரண்டு வருடம் போயிற்று. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போன பிறகுதான் டிரசரிடம் காட்டினார்கள். 1964-இல் அத்தையைச் சுங்கை பூலோவுக்கு அனுப்பினார்கள்.

சுங்கை பூலோ என்றாலே அந்தக் காலத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். 1930-இல் தொழுநோயாளிகளுக்காகவே அமைத்த ஊர் அது. டாக்டர் டிராவர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் முயற்சி. சிறைபோல அடைத்து வைக்காமல், வீடும் தோட்டமும் கோயிலும் கொண்ட கிராமமாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு முன்பிருந்தே பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவிலும் ஓர் இல்லம் இருந்தது. பாலத்தில் பஸ்ஸில் போகும்போது காடடர்ந்து தெரிகிறதே, அந்தத் தீவுதான். கப்பலில் வந்த நம் பாட்டன் பூட்டன்மாரையும் நோய்க்குப் பயந்து அங்கேதான் தடுத்து வைத்தார்கள். நம் ஜனங்களுக்கு அது புதிய இடமில்லை.

நல்ல எண்ணத்தோடு அமைத்த ஊரிலும் கண்ணீருக்குக் குறைவில்லை. அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடம் விடாமல் பிரித்தார்கள். பல பிள்ளைகள் தத்துப் போயின. பெற்றவளையே பார்க்காமல் வளர்ந்து, முதுமையில் தேடி அலைந்தவர்கள் உண்டு.

அத்தைக்கு டாப்சோன் மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பது வருடம் கழித்து, கிருமி இல்லை என்ற சீட்டோடு 1973-இல் வீடு திரும்பினார். விரல்கள் மட்டும் மடங்கியபடியே இருந்தன. அம்மா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. பின்வாசல் ஆணியில் ஓர் அலுமினிய டம்ளரை மாட்டி வைத்தார். அவ்வளவுதான். அது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

தினமும் அதில் காப்பி ஊற்றிக் கொடுத்தவள் நான்தான். டம்ளர் என் மேல் பட்டுவிடாமல் தூக்கி ஊற்றுவேன். அத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பார். சூடு தெரியாத கை; மெல்லிய அலுமினியம். விரல் நுனி வெந்து புண்ணாகும். யோசித்துப் பாருங்கள். நாங்கள் பயந்த அந்த டம்ளரால் எங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. காயம் பட்டதெல்லாம் அவருக்குத்தான்.

கல்யாணமாகி நான் பட்டர்வொர்த்துக்கு வந்துவிட்டேன். 1987-இல் ஒரு நாள் துணி தேய்க்கையில் இஸ்திரிப்பெட்டி முழங்கைக்குக் கீழே பட்டது. தோல் சிவந்தது, சுடவில்லை. அந்த இடத்தில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வெளிறிய தேமல். என் வீட்டுக்காரரிடம் சொல்லத் துணிவில்லை. அத்தையிடம்தான் ஓடினேன்.

அவர்தான் என்னைப் பெர்ரியில் கூட்டிக்கொண்டு வந்து பெரியாஸ்பத்திரியில் காட்டினார். டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். நான் நினைத்ததுதான். "ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுங்கள், சரியாகிவிடும்" என்று சளிக்காய்ச்சலுக்குச் சொல்வதுபோல் சொன்னார். முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார்.

பிறகுதான் அந்தக் காப்பிக் கடை. "குடி தாயி, ஆறிப்போவுது" என்றார் அத்தை.

"வேண்டாம் அத்தை. இதுல அப்புறம் வேற யாராச்சும் குடிப்பாங்க."

அத்தை என்னையே பார்த்தார். என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். மறுபடி என் முன்னால் வைத்தார். "நீ பயந்தாப்ல நானும் பயந்தா, உனக்கு யாரு இருக்கா? குடி."

பதினான்கு வருடத்துக்குப் பிறகு, அத்தை வாய் வைத்த டம்ளரில் நான் காப்பி குடித்தது அன்றுதான்.

வாசகர்களே, அப்போது எனக்குத் தெரியாததை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். தொழுநோய் பரம்பரை வியாதியும் அல்ல, பாவத்தின் சம்பளமும் அல்ல. அது ஒரு கிருமி. நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-இல் கண்டது. மருந்து சாப்பிடாத நோயாளியோடு பல மாதம் நெருங்கிப் பழகினால், மூச்சு, தும்மல் வழியாகப் பரவுகிறது. டம்ளரால் வராது, தொட்டால் வராது. பெரும்பாலானவர்களின் உடம்பு தானே அதை எதிர்த்துவிடும். உள்ளே புகுந்தாலும் இருபது வருடத்துக்கு மேல்கூட உறங்கிக் கிடக்கும். எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். தனி டம்ளர் என்னைக் காப்பாற்றவில்லை. அத்தை குணமாகி வந்த பிறகுதானே அதை ஆணியில் மாட்டினோம்! மறைத்து வைத்த அந்த இரண்டு வருடம் எல்லோரும் ஒன்றாகத்தானே இருந்தோம்!

டாப்சோனுக்கு மட்டும் கிருமி அடங்காமல் போகிறது என்பதை 1964-இல் உலகுக்கு மெய்ப்பித்ததும் சுங்கை பூலோவில் நடந்த ஆராய்ச்சிதான். அதனால்தான் 1980-களில் கூட்டு மருந்து வந்தது. ரிபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். இரத்தம் என்று நான் அலறியிருக்கிறேன். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். மருந்து தொடங்கிய சில நாளிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ விடாமல் சாப்பிட்டால் நோய் தீர்ந்தது. ஆனால் மடங்கிய விரலை மாத்திரை நிமிர்த்தாது. அதனால்தான் சீக்கிரம் காட்டச் சொல்கிறேன்.

அன்று இரவே வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். வேறு யாருக்கும் இல்லை. ஆறு மாதத்தில் எனக்கும் குணமாயிற்று.

பெர்ரிக்குத் திரும்புமுன் அன்று கடைத்தெருவில் ஒரு சாமான் வாங்கினேன். பிடி வைத்த பீங்கான் கோப்பை ஆறு. ஆறும் ஒரே மாதிரி. பிடி இருந்ததால் அத்தையின் விரல் வேகவில்லை. ஒரே மாதிரி இருந்ததால் எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை கண்மூடும் வரை எங்கள் வீட்டில் அந்தக் கோப்பைகள்தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் நாளைக்கே அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். லயத்திலோ தாமானிலோ குணமாகி வந்தவர் இருந்தால் வீட்டுக்குள் அழைத்துக் காப்பி கொடுங்கள். பின்வாசல் ஆணியில் டம்ளர் தொங்கினால், இன்றே கழற்றிவிடுங்கள்.