பனிச்சறுக்கும் யோகாசனமும்

பனிச்சறுக்கு என்னும் விளையாட்டை யாம் நேரிற் கண்டதில்லை; எம் தோழருட் பெரும்பாலார் பனிமலையையே கண்டதில்லை. ஆயினும் ஒரு பொருளை ஆராய்ந்து கருத்துரைக்கப் புகுவோர் அதன்மேல் ஏறிச் சறுக்கியே தீரவேண்டும் என்னும் நியதி யாண்டும் இல்லையன்றோ? பனிச்சறுக்கு வீரர் யோகாசனத்தை ஆண்டு முழுதும் பயிலுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

முதலில் அவ்விளையாட்டு உடலினின்று வேண்டுவது யாதென நோக்குவோம். ஸ்விட்ஸர்லாந்தில் வெங்கன் என்னும் ஊரை அடுத்துள்ள லாபர்ஹார்ன் பந்தயப் பாதை ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் நீளமுடையது. அதனை வீரர் ஏறக்குறைய இரண்டரை நிமிஷத்திற் கடப்பர். 2013-ஆம் ஆண்டில் ஜோஹன் கிளாரே என்னும் பிரெஞ்சு வீரர் அப்பாதையில் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகம் எய்தினார். அத்தனை நேரமும் முழங்கால் மடங்கியே நிற்றல்வேண்டும். திரும்புந்தோறும் வெளிப்புறக் காலே பெரும்பாரம் தாங்குகின்றது. தொடையின் முன்தசையோ, மாடிப்படி ஏறுவார்க்குப்போலச் சுருங்கி உழைப்பதோடமையாது, நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகின்றது. கணுக்கால் விறைத்த பூட்ஸினுட் கட்டுண்டு கிடத்தலால், வீழ்ச்சியில் எழும் முறுக்கெல்லாம் முழங்காலையே சேரும். முழங்காலினுள் எலும்புகளைப் பிணித்து நிற்கும் முன்குறுக்கு நார் அறுந்து, பல திங்கள் களத்தை இழந்தோர் இவ்விளையாட்டிற் பலர்.

இங்ஙனமாகவும், பனி பெய்தற்குச் சில வாரங்களுக்கு முன்னரே உடலை நினைப்பவர் எத்துணையர்! தேர்வுக்கு முதல்நாள் இரவு தொல்காப்பியத்தைத் திறக்கும் மாணவர்க்கும் இவர்க்கும் வேற்றுமை யாம் காண்கிலேம். தசை மெல்லவே வலுப்பெறும். நாரும் மூட்டும் அதனினும் மெல்ல வலுப்பெறும். குல்மார்க்கிற் பனிச்சறுக்குக்குரிய காலம் பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச்சு வரையே. எஞ்சிய எட்டுத் திங்களும் உடல் சும்மா கிடப்பின், நான்கு திங்களிற் பெற்றது கரைந்துபோம்.

யோகம் இவ்விடத்தே துணைசெய்யும். நாற்காலியின்றியே நாற்காலியில் அமர்ந்தாற்போல் நிற்கும் உத்கடாசனத்தைச் சிறிதுநேரம் செய்து பார்ப்போர்க்குத் தொடையெரிவு உண்மையை உணர்த்தும். வீரபத்ராசனம் இடுப்பையும் காலையும் ஒருங்கே வலுப்படுத்தும்; முழங்கால் உட்புறம் சாயாது நிற்கவும் பழக்கும். விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நிற்குங்கால், பாதமும் கணுக்காலும் நொடிதோறும் செய்யும் நுண்ணிய திருத்தங்களை யாம் உணர்கின்றேம். இவற்றினும் மேலாக யாம் மதிப்பது மூச்சே. அச்சம் வந்துழி மூச்சை அடக்கிக்கொள்ளுதல் மக்கள் இயல்பு. மூச்சடங்கியவழி உடல் விறைக்கும். அரிய நிலையில் நின்றுகொண்டே மூச்சைச் சீராக விடுதல் ஆசனப்பயிற்சி தரும் பெரும்பேறு.

யோகத்தை விளையாட்டுக்கு ஏவல்செய்ய விடுதல் அதனை இழிவுபடுத்துதலாம் என்பர் ஒருசாரார். பதஞ்சலியாரின் சூத்திரங்களுள் ஆசனத்தைப் பற்றியன மூன்றே. நம் திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் எட்டுறுப்புக்களுள் ஒன்றாகவே ஆசனத்தை வைத்தார். ஆதலின் ஆசனமே யோகம் என்று யாமும் சொல்லேம். ஆனால் அவ்வோருறுப்பு பிறிதொரு கலைக்கு உதவுதலால் முழுமைக்கு யாது குறை? வயலின் வித்தகர் யெஹூதி மெனுஹின் 1952-இல் பம்பாயிற் பி. கே. எஸ். ஐயங்காரைக் கண்டார், 1954-இல் அவரை ஸ்விட்ஸர்லாந்திலுள்ள குஸ்டாட் என்னும் ஊருக்கே வரவழைத்துப் பயின்றார். வில் பிடிக்கும் கைக்கு உதவியது, சறுக்குப்பலகை பூட்டிய காலுக்கு உதவாதோ? (குஸ்டாடும் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊரே.)

நிற்க. யோகம் ஒன்றே போதும் என்பாரோடும் யாம் உடன்படேம். இதயத்துக்கு வேண்டும் உழைப்பை ஓட்டமும் மிதிவண்டியும் மலையேற்றமுமே நிரம்பத் தரும். வெடித்தெழும் ஆற்றலுக்குப் பளுவும் தாவலும் வேண்டும். அன்றியும், பந்தயத்துக்குச் சற்றுமுன் நெடுநேரம் தசையை நீட்டி நிறுத்தினால் அதன் வலிமை சிறிதுபோது குறையும். ஆதலின் நெடிய ஆசனங்களை மாலைப்பொழுதுக்கு வைத்துக்கொள்ளுதல் நன்று.

2022-ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கிற்கு நம் நாட்டினின்று சென்றவர் காஷ்மீரத்து ஆரிப் கான் ஒருவரே. பெருவளைவுச் சறுக்குப் போட்டியில் அவர் பெற்ற இடம் 45. பனி தேடிப் பிறநாடு செல்லும் பொருள்வசதி நம் இளைஞரிற் சிலர்க்கே வாய்க்கும். ஆசனத்துக்கு வேண்டுவதோ ஒரு பாய். குல்மார்க் என்னும் பெயர்க்குப் பூக்களின் புல்வெளி என்பது பொருள். கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அப்புல்வெளியில், பனி உருகிய மறுவாரமே பயிற்சி ஆசிரியர்கள் தம் மாணாக்கரை வரிசையாக நிறுத்தலாம்.