காந்தி பூங்கா எந்தக் குடும்பங்களுக்கு?

நகர அழகுபடுத்தல் திட்டம் எதை எடுத்துப் பார்த்தாலும் அநேகமாக ஒரே பட்டியல்தான் இருக்கும். நடைபாதை, ஊஞ்சல், சறுக்கு, நீரூற்று, மின்விளக்கு, சிற்றுண்டிச்சாலை, வாகனத் தரிப்பிடம். இறுதியில், குடும்பங்கள் ஓய்வாகப் பொழுதைக் கழிப்பதற்காக என்று ஒரு வரி. அந்த வரியில் யாரும் குறை காண முடியாது. ஆனால், யுத்தத்தைக் கடந்து வந்த ஒரு நகரத்தில் குடும்பம் என்ற சொல்லுக்குள் யாரைச் சேர்க்கிறோம், யாரை வெளியே விடுகிறோம் என்று கேட்கவேண்டியிருக்கிறது. மட்டக்களப்பு காந்தி பூங்காவை முன்வைத்து இதைப் பேசலாம்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. நகரத்தின் பழைய மையமான புளியந்தீவை அந்த நீர்தான் சூழ்ந்திருக்கிறது. காற்று வாங்க வேண்டுமென்றால் நகரவாசிகள் வாவிக்கரைக்குத்தான் போவார்கள். காந்தி சிலையுடன் கூடிய இந்தப் பூங்கா அப்படி மக்கள் சேரும் இடங்களில் ஒன்று. பின்னேரங்களில் பிள்ளைகளோடு பெற்றோர் வருவார்கள். கச்சான் கோதைத் தட்டிவிட்டு நீரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். செலவில்லாமல் பிள்ளைகளை வெளியே கூட்டிச் செல்ல நகரத்தில் இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான்.

அதே இடத்தில் காலை வேளைகளில் வேறு குடும்பங்கள் நிற்பதையும் நாம் அறிவோம். செய்தி சேகரிப்பதற்காக நானும் அங்கு பல தடவைகள் நின்றிருக்கிறேன். கையில் புகைப்படங்களுடன் வரும் தாய்மார், மனைவிமார், சகோதரிகள். ஓகஸ்ட் 30, சர்வதேச காணாமல் ஆக்கப்பட்டோர் தினம் போன்ற நாட்களில் மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் வருவார்கள். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் பிடித்துச் செல்லப்பட்ட மாவட்டம் இது. அவர்களுக்கு என்ன நடந்தது என்று அரசு இன்றுவரை பதில் சொல்லவில்லை. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. தாய்மார் இன்னும் வெயிலில்தான் நிற்கிறார்கள்.

ஏன் பூங்காவைத் தேடி வருகிறார்கள்? வேறு இடமில்லை என்பதுதான் நேரடியான பதில். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய தொடர் போராட்டத்துக்கு கந்தசுவாமி கோயில் முன்றல் இடம் கொடுத்தது. வவுனியாவில் வீதியோரக் கொட்டகை. மட்டக்களப்பில் வாவிக்கரைப் பூங்கா. பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து போகலாம். வீதியால் போகிறவர்களின் கண்ணில் படும். கூட்டமாக நிற்கும்போது கொஞ்சம் பாதுகாப்பும் இருக்கிறது.

2022 ஏப்ரலில், நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோது, மட்டக்களப்புப் பெண்கள் கல்லடிப் பாலத்திலிருந்து காந்தி பூங்கா வரை நாள்தோறும் நீதிக்கான நடையை மேற்கொண்டார்கள். பொருளாதார நெருக்கடி பற்றியும் பேசினார்கள், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும் பேசினார்கள். கொழும்புக்கு அப்போதுதான் புதிதாகத் தெரிந்த பொறுப்புக்கூறல் என்ற சொல் இங்கு பல வருடங்களாகப் பழக்கத்தில் இருந்த சொல். அந்த நடை போய் முடிந்த இடம் இந்தப் பூங்கா.

அழகுபடுத்தல் என்றாலே சந்தேகம் கொள்வதற்கு எங்களுக்குக் காரணங்கள் இருக்கின்றன. யுத்தம் முடிந்த மறுவருடமே, 2010இல், நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பில் நடைபாதைகளும் பூங்காக்களும் உருவாகின, நகரம் அழகானது. அதே காலத்தில் கொம்பனித்தெரு போன்ற இடங்களில் ஏழைகளின் வீடுகள் உடைக்கப்பட்டன. காலிமுகத்திடலில் 2022 ஏப்ரல் முதல் மக்கள் கூடாரமடித்துப் போராடினார்கள். ஜூலையில் இராணுவமும் பொலிஸாரும் இரவோடிரவாக அவர்களைத் தாக்கி அகற்றினார்கள். 2023 ஏப்ரலில், புனரமைத்த திடலைப் பாதுகாக்க வேண்டும் என்ற பெயரில் அங்கு நடத்தக்கூடிய நிகழ்வுகளை அமைச்சரவை மட்டுப்படுத்தியது. போராட்டத்தைத் தடை செய்கிறோம் என்று சொல்லவேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. புல்லைப் பாதுகாக்கிறோம் என்று சொன்னாலே போதுமாக இருந்தது. பூங்காவுக்குக் கதவும் கட்டணமும் அனுமதிப்பத்திரமும் வரும்போது முதலில் வெளியே நிற்கப்போவது யார் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. விளையாட வரும் பிள்ளைக்கு முன்னால் ஏன் இந்தத் துயரம், அடுத்த தலைமுறையாவது சிரிக்கட்டுமே என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களும் யுத்தத்தைத் தாண்டி வந்தவர்கள்தான். அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் வேண்டும். அது ஆடம்பரமல்ல, உரிமை. ஆனால், ஊஞ்சலையும் புகைப்படத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தவேண்டிய அவசியம் என்ன? படத்தோடு நிற்கும் தாய்க்கும் பேரப்பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் ஊஞ்சல் வேண்டும். மாமா எங்கே என்று அது வீட்டில் ஏற்கனவே கேட்டிருக்கும். பூங்காவில் மறைத்துவிடுவதால் வீட்டில் அந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

உண்மையில் இரு தரப்புக்கும் தேவையான வசதிகள் பெரும்பாலும் ஒன்றுதான். நல்ல நிழல் தரும் மரங்கள். முதுகு சாய்த்து இருக்கக்கூடிய இருக்கைகள். குடிநீர். பூட்டாத, சுத்தமான மலசலகூடம். கைக்குழந்தையோடு வரும் இளம் தாய்க்கும், வாகரையிலிருந்தோ படுவான்கரையிலிருந்தோ விடியவே பஸ் ஏறி வந்து மத்தியானம் வரை நிற்கும் அறுபது வயதுப் பெண்ணுக்கும் அது ஒரே அளவு அவசியம். யுத்தத்தில் காலை இழந்தவர்கள் வாழும் மாவட்டத்தில் சக்கர நாற்காலி போகும் சாய்தளம் இல்லாத நடைபாதை முழுமையான நடைபாதை அல்ல. கணவனை இழந்து தனியே பிள்ளை வளர்க்கும் பெண்கள் பொழுதுபட்ட பின்னும் பயமில்லாமல் வந்துபோக வெளிச்சம் வேண்டும். வாவிக்கரையில் சிறுவர்களுக்குப் பாதுகாப்பு வேலி வேண்டும். இவை எதற்கும் பெரிய நிதி தேவையில்லை.

தேவையில்லாதது ஒன்றும் இருக்கிறது. வருகிறவர்களைப் படமெடுத்துக்கொண்டு, பெயர் விபரம் கேட்டுக்கொண்டு ஓரமாக நிற்கும் சிவில் உடைக்காரர்கள். அவர்கள் நிற்கும் வரைக்கும் எந்தப் பூங்காவும் குடும்பங்களுக்கான பூங்கா ஆகாது.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்த பின்னர் இரண்டு வருடங்களுக்கு மேலாக மக்கள் தெரிவு செய்த மாநகர சபை இருக்கவில்லை. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து மீண்டும் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். பொது இடங்களைப் பற்றித் திட்டமிடும்போது ஒப்பந்தகாரரிடமும் அதிகாரிகளிடமும் மட்டும் கேட்காமல், அங்கு கூடும் பெண்களையும் அழைத்துக் கேட்கும் கடமை அவர்களுக்கு இருக்கிறது. அமைதியாக ஒன்றுகூடுவதற்கு அனுமதியும் கட்டணமும் தேவையில்லை என்று சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றலாம். பாராளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லாத, உள்ளூரிலேயே செய்யக்கூடிய சிறிய நீதி அது.

உறவுகளைத் தேடித்தருவது மாநகர சபையின் கையில் இல்லை. தேடுகிறவர்கள் இருப்பதற்கு ஒரு நிழலும், குடிக்கத் தண்ணீரும், போய்வர மலசலகூடமும் கொடுப்பது அதன் கையில் இருக்கிறது. அடுத்த திட்ட அறிக்கையில் குடும்பங்களுக்காக என்று எழுதும்போது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களும் குடும்பங்கள்தான் என்பதை நினைவில் வைத்து எழுதட்டும்.