தொண்ணூற்றொன்பதில் நிற்கும் பொய்

ப்ரோக்ரஸ் பாரைத் திட்டி ஒரு கட்டுரையா என்று சிரிப்பவர்கள், கடைசியாக எப்போது 99 சதவீதத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று யோசித்துப் பார்க்கட்டும். அந்தப் பட்டையை நாம் அலங்காரமாக நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அது ஒன்றைச் சொல்கிறது: மொத்த வேலை இவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதில் இவ்வளவு முடித்துவிட்டேன். இந்த இரண்டில் ஒன்று தெரியாத நிரல் பட்டையை நிரப்பிக் காட்டினால் அது பொய். அதற்கு ‘யூஎக்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொள்வது நம் தொழிலின் சாமர்த்தியம்.

பொய்யை எழுதுவது சுலபம். ஒரு டைமர் வை. 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஒன்று கூட்டு. 90 வந்ததும் நிறுத்து. உண்மையான வேலை முடிந்ததும் நேராக 100-க்குத் தாவு. ஏழெட்டு வரிதான். கோட் ரிவ்யூவில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சண்டை போட்டிருக்கிறேன். பதில் எப்போதும் ஒன்றுதான்: “யூசருக்கு ஏதாவது நகர்ந்துக்கிட்டே இருக்கணும் ப்ரோ, இல்லேன்னா க்ளோஸ் பண்ணிட்டுப் போயிடுவாங்க.” சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நொடியிலேயே இணையம் அறுந்துபோனாலும் அந்தப் பட்டை 9 விநாடி உற்சாகமாக ஏறிக்கொண்டிருக்கும். பிறகு 90-இல் போய் நிற்கும். யூசரோ ‘கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு’ என்று இன்னும் கால் மணி நேரம் காத்திருப்பார். நடக்காத வேலைக்கு.

இத்தனைக்கும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல எல்லா டூல்கிட்டிலும் வழி இருக்கிறது. க்யூட்டில் பட்டையின் குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு இரண்டையும் 0 ஆக வைத்தால் அது சதவீதத்தை விட்டுவிட்டு ‘வேலை ஓடுகிறது’ என்பதை மட்டும் காட்டும். ஜிடிகேவில் அதற்கு ‘பல்ஸ்’, விண்டோஸில் ‘மார்க்கீ’. எச்டிஎம்எல்லின் ப்ரோக்ரஸ் உறுப்பில் வேல்யூவை எழுதாமல் விட்டாலே போதும். இறக்கவேண்டிய கோப்பின் அளவை சர்வர் சொல்லவில்லை என்றால், க்யூட் மொத்த பைட்டுகள் என்ற இடத்தில் மைனஸ் 1-ஐத் தருகிறது. அந்த மைனஸ் 1-ஐக் கையில் வாங்கிக்கொண்டு அதிலிருந்து 63 சதவீதத்தைக் கற்பனை செய்கிறவர் கவிதை எழுதப் போகலாம்.

அங்குமிங்கும் ஓடும் அந்தப் பட்டையும் உத்தமமல்ல. அந்த அசைவைப் பெரும்பாலும் டூல்கிட்டே தன் போக்கில் ஓட்டுகிறது. பின்னால் நடக்கவேண்டிய வேலை செத்துக் கிடந்தாலும் அது ஆடிக்கொண்டிருக்கும். அதனால் பக்கத்தில் ஒரு எண் வேண்டும். ‘214 கோப்புகள் படித்தாயிற்று’ என்று காட்டுங்கள். மொத்தம் தெரியாவிட்டாலும் 214 என்பது 215 ஆகிறதா என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

இங்கே சிலர் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு வருவார்கள். 1985-இல் பிராட் மையர்ஸ், சதவீதம் காட்டும் பட்டையை மக்கள் விரும்புகிறார்கள் என்று காட்டினார். 2007-இல் கிறிஸ் ஹாரிசனும் உடன் ஆய்வு செய்தவர்களும், ஒரே கால அளவுள்ள பட்டைகளை வெவ்வேறு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வேகம் எடுக்கும் பட்டை சீக்கிரம் முடிந்ததுபோலத் தோன்றியது. கடைசியில் திக்கித் திணறுவது நீண்டதுபோலத் தோன்றியது. நல்ல ஆய்வு, எனக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எது நீளமாகத் தோன்றியது என்று மட்டும்தான் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் உட்கார்ந்திருப்பவர் முடிவெடுக்க வேண்டும். காத்திருப்பதா, கேன்சல் பண்ணுவதா, லேப்டாப்பை மூடிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவதா? அவருக்கு வேண்டியது ஆறுதல் இல்லை, தகவல்.

பென் டிரைவை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஒருவர் 2 ஜிபி கல்யாண வீடியோவைக் காப்பி பண்ணுகிறார். பட்டை விறுவிறுவென ஓடி 100-ஐத் தொடுகிறது. அவர் பிடுங்கிக்கொண்டு கிளம்புகிறார். போய்ச் செருகினால் வீடியோ பாதியில் நிற்கிறது. என்ன ஆனது? எழுதச் சொன்னதைக் கர்னல் முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிட்டது. நிரலும் அதை நம்பிப் பட்டையை நிரப்பிவிட்டது. விநாடிக்கு 10 எம்பி எழுதும் மலிவான பென் டிரைவுக்கு உண்மையில் மூன்று நிமிடத்துக்கு மேல் வேலை இருந்தது. இஜெக்ட் அழுத்தினால், எழுதி முடியும்வரை பிடுங்காதே என்று க்னோம் எச்சரிக்கும், அது உண்மை. ஆனால் 100-ஐப் பார்த்தவர் எதற்கு இஜெக்ட்டைத் தேடப் போகிறார்? பட்டை அவரிடம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டதே.

இந்த இடத்தில் டெவலப்பர் யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. எதை எண்ணுகிறோம் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் நான் பெரிய குற்றம் என்கிறேன். எட்டு எட்டு எம்பியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் கூப்பிட்டு, அது திரும்பி வந்த பிறகு பட்டையை நகர்த்தலாம். கொஞ்சம் மெதுவாகும். பட்டை உண்மையான வேகத்தில் ஊர்வதைப் பார்த்து “உங்க ஆப் ஸ்லோ” என்று யாராவது புகார் தருவார்கள். அந்தப் புகாருக்குப் பயந்துதான் பாதி பொய்கள் எழுதப்படுகின்றன.

கோப்புகளின் எண்ணிக்கையை வைத்துச் சதவீதம் போடுவது இதே ரகம். 3,000 சிறிய படங்களும் கடைசியில் ஒரு 4 ஜிபி சினிமாவும் இருந்தால், பட்டை 99-க்கு வந்த பிறகுதான் பெரிய வேலையே தொடங்கும். பைட்டுகளை எண்ணினால் நிலைமை தேவலாம். முழுக்கச் சரியாகாது, ஏனென்றால் சின்னக் கோப்பு ஒவ்வொன்றையும் திறந்து மூடவும் நேரம் ஆகும்.

போகப் போக வேலை கூடினால்? ஃபோல்டருக்குள் ஃபோல்டர் கிடைத்துக்கொண்டே இருந்தால் மொத்தம் ஏறும், சதவீதம் இறங்கும். பட்டை பின்னால் போகக் கூடாது என்று ஓர் எழுதாச் சட்டம் இருக்கிறது; அதற்காக எண்ணைப் பிடித்து நிறுத்தி வைக்கிறார்கள். போகட்டுமே என்கிறேன். 70-இலிருந்து 52-க்கு வரட்டும். ‘இன்னும் 1,200 கோப்புகள் கிடைத்தன’ என்று கீழே ஒரு வரி போடுங்கள். படிப்பவர் பெருமூச்சு விடுவார், டீ குடிக்கப் போவார், வந்து பார்ப்பார்.